ஆளுக்கு அறுபத்தைந்து கிலோ

— தராசில இருந்து இறங்காதேங்கோ, தங்கச்சி. முள் இன்னும் ஆடுது.

— முள் ஆடேல்ல, யோகநாதன் அண்ணை. உங்கட கைதான் ஆடுது. நாப்பத்தாறு. மூண்டாந்தரமும் நாப்பத்தாறுதான்.

— அறுபத்தஞ்சு வரவேணும்.

— எனத்த யோகநாதன் நீங்க கதைக்கிற? அருந்ததி டீச்சர் என்ட லொட்ஜில ஒம்பது மாசமா ஈக்கிற. காலையில ஒரு பிளேன்டீ, பொழுதுபட அரை றாத்தல் பாண். அறுபத்தஞ்சு எங்கால வார?

— றவூப் நானா, நான் உங்களிட்ட என்ன கேட்டனான்?

— நூத்திநாப்பது ஆள் கேட்ட. நூத்திநாப்பதும் கொண்டு வந்தீக்கி தானே. வெள்ளவத்தையில மூணு லொட்ஜயும் தொடச்சி எடுத்து, நாலு வேன்ல ஏத்தி, சுபஹ் தொழுத கையோட ஓடி வந்தீக்கி. எண்ணிப் பாருங்க.

— எண்ணிக்கை சரி. நிறைதான் பிழை. றெயில்வேக்கு வந்த புதுக் கோச்சிக்கு ஆளுக்கு அறுபத்தஞ்சு கிலோ எண்டு கொம்பனி எஞ்சினியர் புத்தகத்தில போட்டு வைச்சிருக்கிறார். நூற்றிநாப்பது சீற்றுக்கும் ஒன்பதாயிரத்து நூறு கிலோ. அந்தப் பாரத்தோட ஓடி, நிண்டு காட்டினாத்தான் சோதினை பாஸ்.

— இஞ்ச பாருங்கோ அண்ணை, இதுக்கெல்லாம் மணல் மூட்டைதானே ஏத்திறவை? கோச்சியைச் சோதிக்க மனிசரை ஏத்தினதா நான் கேள்விப்படேல்ல.

— கொழும்பில மணல் மூட்டை எங்க கிடக்குது, தங்கச்சி? எல்லாம் ஆமிச் சென்றியில அடுக்கிக் கிடக்குது.

— அது உண்மதான் டீச்சர். எங்கட லேன் முனையில மட்டும் எம்பது மூட்ட ஈக்கி. போய்க் கேட்டுப் பாருங்களே, சிரிச்சிட்டுத் தருவானுகள்!

— சரி, விடுங்கோ. எங்களைப் பாரம் பாரம் எண்டுதானே இந்த ஊரில எல்லாரும் சொல்லுகினம். ஒரு நாளைக்கு அதாலயும் ஒரு பிரயோசனம் வரட்டும். எல்லாற்ற நிறையையும் கூட்டினீங்களோ?

— கூட்டிக்கொண்டு வாறன்...

— நான் கூட்டிட்டன். நீங்கள் எழுத எழுதத் தலைகீழாப் பார்த்துக் கூட்டினனான். பதினாறு வருசம் கணக்குப் படிப்பிச்ச மனிசி, விளங்குதோ? ஆறாயிரத்து எழுநூற்றியிருபது கிலோ. ரெண்டாயிரத்து முந்நூற்றியெண்பது குறையுது.

— அல்லாவே! அப்ப இன்னம் அம்பது ஆள் வேணுமே. கொட்டாஞ்சேனைக்கிப் போகவா? என்ட மச்சான் ஷரீப் அங்க ஒரு லொட்ஜ் வெச்சீக்கி.

— ஏலாது நானா. சீற் நூற்றிநாப்பதுதான், ஆரும் நிண்டுகொண்டு வரக்கூடாதாம். அதோட நேரமும் இல்லை. ஒன்பதரைக்கு எங்களுக்கு லைன் தருவினம். பதினொன்றரைக்குத் திருப்பி எடுத்துப்போடுவினம்.

— அதுக்குள்ள ஓடாட்டில்?

— எஞ்சினியர் நாளைக்குப் பிளேன் ஏறிறார். பேந்து எப்ப வருவாரோ தெரியாது.

— எங்களுக்குத் தாறன் எண்ட கடிதம்?

— அதுவும் சிக்கல்தான்.

— யோகநாதன் அண்ணை, விளங்கச் சொல்லுங்கோ. கடிதம்?

— சோதினை நடந்தாத்தான் கடிதம். இன்னார் றெயில்வேச் சோதினைக்கு வந்து உதவினவர் எண்டு சீல் குத்தித் தரலாம். நடக்காத ஒண்டுக்கு நான் எப்பிடிச் சீல் குத்த?

— இண்டைக்குச் சனி. என்ர பொலிஸ் பதிவு நாளையோட முடியுது. திங்கள் போய் ஒரு படிவம் நிரப்பிக் குடுக்கவேணும். அதில ஒரு கட்டம் இருக்குது: கொழும்பில தங்கியிருப்பதற்குக் காரணம். போன மாசம் வரைக்கும் விசாவுக்குக் காத்திருக்கிறன் எண்டு எழுதினனான். இனி விசா ஒரு காரணமில்லையாம். கட்டம் வெறுமையா இருந்தா வவுனியா பஸ்தான். எனக்கு மட்டுமில்லை, இஞ்ச நிக்கிற முக்காவாசிப் பேருக்கும்.

— தெரியும், தங்கச்சி.

— வவுனியாவில எனக்கு முகாம்தான் இருக்குது. வீடு அதுக்கும் அங்கால, சண்டைக்குள்ள. கூரை இருக்குதோ தெரியாது.

— தெரியும் எண்டு சொல்லுறன். நான் மட்டும் என்ன, கல்லோ? ராவு முழுக்க இந்தக் கணக்கோட கிடந்தனான். ஆக்கள் மெலிவா இருப்பினம் எண்ட ஒண்டை மட்டும் நினைக்கேல்ல. மனிசர் எண்டா அறுபத்தஞ்சு எண்டு புத்தகத்தை நம்பிப்போட்டன்.

— அப்ப கொஞ்சம் பேசாம நில்லுங்கோ. யோசிக்க விடுங்கோ. ரெண்டாயிரத்து முந்நூற்றியெண்பது... இருபதால பிரிச்சா நூற்றிப்பத்தொன்பது... நானா!

— செல்லுங்க டீச்சர்.

— லொட்ஜில கட்டிலுக்குக் கீழ என்ன கிடக்குது?

— எனத்த கிடக்க, கரப்பான்தான். மருந்து அடிச்சிட்டுத்தான் ஈக்கி...

— கரப்பானுக்குப் பக்கத்தில?

— சூட்கேஸ்.

— ஒவ்வொண்டும் எத்தினை கிலோ?

— இருவது! அல்லாவே, எல்லாம் இருவது! என்ட கடத் தராச வாங்கிட்டுப் போய், ஒரு சட்டைய வெச்சி, ஒரு சட்டைய எடுத்து, நிறுத்து நிறுத்து என்ட தராசே தேஞ்சி போச்சி!

— விசா வந்த அண்டைக்கே வெளிக்கிடக் கட்டி வைச்சது. பிளேனில இருபது கிலோதான் விடுவாங்கள். அண்ணை, உங்கட மணல் மூட்டை ஒண்டும் இவ்வளவு திருத்தமா இராது.

— நானா, மூண்டு லொட்ஜிலயும் எத்தினை சூட்கேஸ் இருக்கும்?

— தனி ஆளுக்கு ஒண்டு, குடும்பத்துக்கு ஒண்டு... நூத்திப் பதினஞ்சு, நூத்தி இருவது ஈக்கும்.

— எல்லாத்தையும் கொண்டு வாங்கோ.

— நூற்றிப்பத்தொன்பது போதும், அண்ணை.

— எல்லாத்தையும். நானா, கட்டிலுக்குக் கீழ ஒரு சோடி செருப்பும் மிஞ்சக்கூடாது.

— செருப்பு என்னத்துக்கு? செருப்பு எத்தினை கிலோ வரும்?

— தங்கச்சி, கேள்வி கேக்க நேரமில்லை. நானா, ஓடுங்கோ!

— ஓடுற, ஓடுற. ஷிப்லி! வேன ஸ்டார்ட் பண்ணு தம்பி!

— மணி ஒன்பது இருபது, அண்ணை. வேனெல்லாம் வந்திட்டுது. ஏன் கேற்றிலயே நிக்குது?

— ஆமிக்காரர் மறிச்சிட்டினம். தமிழாக்களின்ர சூட்கேஸ் நூற்றுச் சொச்சம் ஒரு கவண்மேந்துக் கோச்சியில ஏறப்போகுதெண்டா ஆர் மறியாமல் விடுவான்? அந்த இடத்தில நிண்டா நானும் மறிப்பன்.

— எல்லாத்தையும் திறந்து நிலத்தில விரிக்கிறாங்கள். அந்தா, என்ர பச்சைச் சூட்கேஸ்!

— நீங்கள் போகாதேங்கோ. றவூப் நானா கதைக்கிறார்.

— அவற்ற சத்தம் இஞ்ச வரைக்கும் கேக்குது.

— மஹத்தயா, மே பலன்ன, இங்க பாருங்க! ஸ்வெட்டர், ஸ்வெட்டர்! கனடாவில ஐஸ் கொட்டுற, மஹத்தயா, அதுக்குத்தான் ஸ்வெட்டர்! இது மொளகாத்தூள்! தும்மல் வரும், கிட்டப் போக வாணாம்!

— அண்ணை, அந்த ஆமிக்காரன் ஏன் பின்னால பாயிறான்? ஐயோ, துவக்கை எடுக்கிறான்!

— ஆற்ற சூட்கேஸ் அது?

— மேல் மாடிப் பேச்சியம்மாவின்ர. துவாயால சுத்தி உருண்டையா என்னவோ கிடக்குது.

— மஹத்தயா! பய வென்ன எப்பா, பயப்பட வாணாம்! மிரிஸ் கல! மிரிஸ் கல! அம்மிக் கொழவி! மொளகா அரைக்கிற கல்லு, மஹத்தயா, குண்டு இல்ல!

— அம்மிக் குழவியோ? கனடாவுக்கு அம்மிக் குழவியோ?

— மகள் கேட்டவவாம், அண்ணை. மிக்ஸியில அரைச்சா சம்பல் சம்பலா இல்லையாம். இருபதுக்கு ரெண்டரை கிலோ குறைஞ்சதெண்டு இதையும் வைச்சிட்டா. அம்மி ஏலாதெண்டு விட்டதே பெரிய காரியம்.

— பொறுங்கோ. அந்த ஆமிக்காரன் சிரிக்கிறான்.

— உண்மையாவோ?

— குழவியைத் தூக்கிப் பக்கத்தில நிக்கிறவனுக்குக் குடுக்கிறான். அவனும் சிரிக்கிறான். தன்ர அம்மாவிட்டயும் இருக்குதாம் எண்டு கையால அரைச்சுக் காட்டுறான். தங்கச்சி, கேற் திறக்குது!

— கெதியாத் தராசுக்குக் கொண்டு வரச் சொல்லுங்கோ!

— வந்திட்டுது, வந்திட்டுது. எஞ்சினியர் நிறுக்கட்டும், நீங்கள் எழுதுங்கோ.

— இருபது. இருபது. இருபது. இருபது... அண்ணை, இந்த மனிசன் ஏன் தராசைக் காலால உதைக்கிறார்?

— தராசு பழுதாம். முப்பத்தேழு சூட்கேஸ் ஏத்தியும் முள் இருபதை விட்டு அசையேல்லையாம்.

— பழுதில்லை எண்டு சொல்லுங்கோ. ஏயார்போட்டில ஆக்களுக்கு முன்னால திறந்து எடுத்து எறிவாங்கள் எண்ட பயத்தில, ராத்தூக்கம் இல்லாமல் நிறுத்துக் கட்டினது எண்டு சொல்லுங்கோ.

— சொல்லிட்டன். தன்ர இருபத்திரண்டு வருசச் சேர்விசில இப்பிடி ஒரு லோட் காணேல்லையாம். தொப்பியைக் கழட்டிறார், பாருங்கோ.

— நூற்றிப்பத்தொன்பது! ஒன்பதாயிரத்து நூறு, அண்ணை! ஒரு கிலோ கூடவுமில்லை, குறையவுமில்லை!

— ஏறுங்க, எல்லாரும் ஏறுங்க! சூட்கேஸ் காலடியில! மிஞ்சின ஒண்டயும் செருப்பெல்லாத்தயும் என்ட வேனுக்குள்ள பூட்டிட்டன். யோகநாதன், நான் எங்க குந்துற?

— என்னோட. எங்கள் ரெண்டு பேரையும் வேற கணக்கில போட்டாச்சு. தங்கச்சி, தந்த சீற்றை விட்டு எழும்பாதேங்கோ. கொடி காட்டியாச்சு.

— ஓடுது! அண்ணை, ஓடுறதே தெரியேல்ல. சத்தமே இல்லை.

— சத்தம் இனித்தான். இது தொண்ணூறு வருசத்துக்கு மேல சின்னக் கோச்சி ஓடின பாதை. தண்டவாளத்தை அகட்டினவை, வளைவுகளை நிமிர்த்தேல்ல. சின்னக் கோச்சி பாம்பு மாதிரி நெளிஞ்சு போகும். இது யானை. இவ்வளவு பெரிசு இந்த வளைவில திரும்பாதெண்டு சொன்னவை கனபேர்.

— நீங்கள் என்ன சொன்னனீங்கள்?

— திரும்பும் எண்டு எழுதிக் கையெழுத்து வைச்சனான்.

— நல்ல மனிசன். அண்ணை, அது என்ன?

— எது?

— சிக்னல் கபினுக்குப் பின்னால. காத்தில தறப்பாள் எழும்பிச்சு. அடுக்கி வைச்ச மூட்டை. அது மணல் மூட்டை.

— நேர பாருங்கோ, வளைவு வருது.

— யோகநாதன் அண்ணை. கொழும்பில மணல் இல்லை எண்டு சொன்னனீங்கள்.

— இருநூறு மூட்டை. வியாழக்கிழமையே வந்திட்டுது. நேற்று மழையில நனைஞ்சு போச்சு. ஈர மணல் காயக் காய நிறை குறையும், அளவு பிழைக்கும் எண்டு எஞ்சினியருக்குச் சொன்னனான். அது பொய்யில்லை.

— எனக்குச் சொன்னது பொய்.

— ஓம்.

— ஏன்?

— செல்லிடுங்க யோகநாதன். இல்லாட்டி நான் செல்லுற. டீச்சர், நேத்து பின்னேரம் அஸர் தொழுதுட்டு வார நேரம் ஒரு ஆள் வந்து காதுல செல்லின. இண்டக்கிக் காலையில பத்து மணிக்கி பொலிஸ் மூணு லொட்ஜயும் வளைக்கப் போறயாம். பதிவு ஈந்தாலும் ஒண்டுதான், இல்லாட்டியும் ஒண்டுதான், எல்லாரயும் பஸ்ஸில ஏத்தி வவுனியாவுக்கு. நான் நேர போய் யோகநாதன்ட கதவத் தட்டின.

— நூற்றிநாப்பது பேரை எங்க ஒளிக்கிறது, தங்கச்சி? ஆற்ற வீட்டில? ஒளிச்சா ஒளிச்ச இடத்தில பிடிப்பாங்கள். எல்லாரும் பார்க்க, கவண்மேந்துச் சாமானுக்குள்ள, ஆமிக் காவலோட வைச்சிருந்தா ஆரும் தேடமாட்டாங்கள் எண்டு நினைச்சன்.

— எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்ல.

— சொல்லியிருந்தா வந்திருப்பீங்களோ? ஒருத்தரை ஒருத்தர் கட்டிப்பிடிச்சு அழுது, வெளிநாட்டுக்கெல்லாம் போன் எடுத்து, பத்து மணிக்கு அங்கயே நிண்டிருப்பீங்கள்.

— ஓம். நிண்டிருப்பம். இப்ப மணி என்ன?

— பத்து ஆறு. கம்பியைப் பிடியுங்கோ!

— ஐயோ, சில்லுக் கத்துது!

— கத்தட்டும்! கத்தினா நல்லம், தண்டவாளத்தைப் பிடிச்சுக்கொண்டு போகுதெண்டு அர்த்தம். சத்தம் நிண்டாத்தான் பயம்.

— முருகா, சாயுதே!

— யா அல்லாஹ், யா அல்லாஹ், என்ட பொஞ்சாதி பைறோஸாவுக்கு நான் செல்லிட்டும் வரல்லயே!

— திரும்பு... திரும்படி என்ர அம்மா... இன்னும் கொஞ்சம்... திரும்பிட்டுது! தங்கச்சி, பின்னால பாருங்கோ, வளைவு முழுக்க வந்திட்டுது! யானை திரும்பிட்டுது!

— எல்லாரும் கை தட்டுகினம், அண்ணை! பேச்சியம்மா குழவியால சூட்கேசில தட்டுறா!

— இன்னும் முடியேல்ல. இனி பிறேக். முந்நூறு யார் தூரத்துக்குள்ள நிக்கவேணும். அங்க சிவப்புக் கொடி தெரியுதோ? அதைத் தாண்டினா எல்லாம் போச்சு. இப்ப போடுறான்!

— சூட்கேசைக் காலால பிடியுங்கோ! எல்லாரும் பிடியுங்கோ! கொடி கிட்ட வருது... கிட்ட வருது...

— நில்லு... நில்லு...

— நிண்டிட்டுது!

— கொடிக்கு முன்னால! இருபது யார் முன்னால! நானா, கண்ணைத் திறவுங்கோ, பாஸ்!

— அல்ஹம்துலில்லாஹ்! நிண்டதா, நான்தான் மவுத்தாகிட்டனா?

— நிண்டது, நிண்டது. அடுத்தது நுகேகொடை. அங்க அஞ்சு நிமிசம் நிக்கும். ஓடிப்போய் ஸ்டேசன் போனில பைறோஸாவுக்கு எடுங்கோ.

— அண்ணை, எனக்கு இப்பதான் பயம் வருது.

— எனக்குக் காலமையில இருந்தே பயம், தங்கச்சி. கை ஆடினதைத் தராசில நீங்கள்தானே கண்டுபிடிச்சனீங்கள்.

— அந்தா, போன் எடுத்திட்டு நானா ஓடி வாறார். முகத்தில ஒண்டும் தெரியேல்ல. நானா, என்ன நடந்தது?

— மூச்ச எடுக்க விடுங்க புள்ள. ரெண்டு பஸ், ஒரு ஜீப். பத்துக்கு ரெண்டு நிமிசம் ஈக்க வந்தாங்களாம். எல்லாக் கதவயும் தொறந்து, கட்டில எல்லாம் பொரட்டிப் பாத்தாங்களாம். ஆளும் இல்ல, சாமானும் இல்ல. எல்லாரும் காலி பண்ணிட்டுப் போய்ட்டாங்க எண்டு கொப்பியில எழுதி, மூணு லொட்ஜ்ட பேரயும் வெட்டிட்டுப் போனாங்களாம். போகக்குள்ள பைறோஸாவுக்கு தாங்ஸ் வேற செல்லினயாம்!

— ஆக்கள் இல்லாமல் சூட்கேஸ் கிடந்திருந்தா?

— திரும்பி வருவினம் எண்டு வாசலிலயே குந்திக்கொண்டு இருந்திருப்பாங்கள். ஆக்களை எடுக்கிற யோசினை என்ர. ஆனா முழுசாக் காப்பாத்தினது உங்கட சூட்கேஸ்தான், தங்கச்சி. நீங்கள் சொன்ன பிறகுதான் எனக்கே உறைச்சது.

— சிரிப்பு வருது, அண்ணை. அழுகையும் வருது. ஒம்பது மாசத்தில இண்டைக்குத்தான் எனக்குச் சந்தோசமா இருக்குது. ஆனா...

— ஆனா?

— கணக்குப் படிப்பிச்ச புத்தி, விடாது. இண்டைக்குத் தப்பினம். திங்கள் பதிவுக்குப் போகவேணும். உங்கட கடிதத்தில ஒரு நாள் உதவினவ எண்டுதானே இருக்கும்? ஒரு நாள் உதவினது ஒரு நாளைக்குத்தான் காரணம். செவ்வாய்க்கிழமைக்கு என்ன காரணம்?

— டீச்சர் செல்லுறது சரிதான் யோகநாதன்.

— பொறுங்கோ, எஞ்சினியர் கூப்பிடுறார். றெயில்வேப் பெரியவரும் பக்கத்தில நிக்கிறார். கேட்டிட்டு வாறன்.

— நானா, அவற்ற முகத்தைப் பாருங்கோ. கையை விரிக்கிறார். பிறேக்கில ஏதும் பிழையோ?

— தெரியா புள்ள. அந்த எஞ்சினியர் படம் ஒண்டக் காட்டிக் காட்டிப் பேசுற. பெரியவர் எனத்தயோ கையெழுத்துப் போடுற.

— வாறார். அண்ணை, என்ன? பெயிலோ?

— பாஸ். எல்லாம் பாஸ். ஆனா இது முதல் ஓட்டமாம். மூண்டு மாசத்துக்கு ஒவ்வொரு சனியும் இதே பாதையில, இதே லோடோட ஓடிப் பார்க்கவேணுமாம். வெயிலிலயும் பார்க்கவேணும், மழையிலயும் பார்க்கவேணும். தான் போனாலும் தன்ர ஆள் நிண்டு எழுதுமாம்.

— மணலோட?

— மணல் வேண்டாமாம். மணல் போட்ட இடத்தில செத்த மாதிரிக் கிடக்கும். மனிசர் வளைவில சாய்ஞ்சு நிமிருகினம், அதுதான் உண்மையான பாரமாம். நூற்றிநாப்பது சீற்றையும் கீறி, எந்தச் சீற்றில ஆர், எத்தினை கிலோ எண்டு எழுதிப்போட்டார். ஆள் மாறினா அளவெல்லாம் பிழைச்சு முதலில இருந்து தொடங்கவேணுமாம்.

— எனத்த! அப்ப இவங்களுக்கு நல்லாச் சாப்பாடு போட்டுக் கொழுக்க வைக்கவும் ஏலாதா?

— நானா, பகிடியை விடுங்கோ. அண்ணை, பெரியவர் கையெழுத்து வைச்சது என்னத்தில?

— ஆளுக்கொரு கடிதம் குடுக்கிற உத்தரவில. பேர், சீற் நம்பர், கிலோ. மூண்டு மாசம். சீலோட.

— மூண்டு மாசம்...

— அது முடிஞ்ச பிறகு இன்னும் மூண்டு மாசம் கேக்கலாம் எண்டு எஞ்சினியர் கண்ணடிச்சவர். தங்கச்சி, அழாதேங்கோ. எல்லாரும் பார்க்கினம்.

— பார்க்கட்டும். உங்கட பேனையைத் தாங்கோ. திங்கள் குடுக்கிற படிவம் என்ர பையுக்குள்ள கிடக்குது. இப்பவே எழுதப்போறன்.

— ஓடுற கோச்சியிலயோ?

— ஓடுற கோச்சியிலதான். பேர் எழுதிட்டன். விலாசம், றவூப் நானாவின்ர லொட்ஜ். இந்தா, காரணம் எண்ட கட்டம். என்ன எழுத? றெயில்வேக்கு உதவி எண்டு எழுதட்டோ?

— உதவி எண்டு எழுதினாப் பிழை. எஞ்சினியர் கடிதத்தில எழுதினதை அப்பிடியே எழுதுங்கோ.

— சொல்லுங்கோ.

— இவர் கொழும்பில் இல்லாவிட்டால் இந்தக் கோச்சி ஓடாது.